தட்டிக்கு அப்பால் நான்காம் வகுப்பு

பன்னிரண்டாம் வாய்பாடு எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே மனனமாகிவிட்டது. ஆனால் மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு அது பாடமாக இருக்கவில்லை. தென்னோலைக் கிடுகுத் தட்டிக்கு அப்பால் இருந்த நான்காம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் அதை ஒரே குரலில் ஒப்புவிப்பார்கள். தட்டிக்கு இப்பால் சமயபாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானும் உதட்டை அசைப்பேன். நமது பள்ளிக்கூடத்தின் புதிய வகுப்பறைத் தொகுதியைப் பற்றி ஒரு பொறியியலாளர் என்ற முறையில் எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, வரைபடமும் மதிப்பீடும் மேசையில் இருக்க, முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தட்டிதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் 1990 தையில் முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்திடம் நிரந்தரக் கட்டிடம் என்று சொல்ல இருந்தது ஒரேயொரு மண்டபம். சுண்ணாம்புக்கல் சுவர், ஓட்டுக் கூரை, மூன்று பக்கமும் அரைச்சுவர். மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் தமது செலவில் கட்டிக் கொடுத்தது அது. மலாயாக் காசில் எழுந்த வீடும் கோயில் மதிலும் பள்ளிக்கூடமும் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில் அரிது. வாசலில் பதித்த கல்லில் அவருடைய பெயருக்குக் கீழே ‘சிங்கப்பூர்’ என்று வெட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய நாட்களில் அதை அவருடைய தகப்பனாரின் பெயர் என்றே நான் எண்ணியிருந்தேன்.

அந்த மண்டபத்துக்குள் ஐந்து வகுப்புகளும் இடைச்சுவர் ஏதுமின்றி அடுத்தடுத்து இருந்தன. வகுப்புக்கு இருபது பிள்ளைகள் இருந்த காலத்தில் அது போதுமாக இருந்திருக்கலாம். 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னர் பிள்ளைகள் பெருகியபோதும் மண்டபம் பெருகவில்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதோடு, அதுவரை பள்ளிக்கூடத்தை நடத்திய மனேச்சரின் தலையில் இருந்த கட்டிடக் கவலை எவர் தலையிலும் இறங்காமல் நடுவில் நின்றுவிட்டது என்பது என் எண்ணம். ஊரார் அரசாங்கம் கட்டும் என்று இருந்தார்கள். அரசாங்கத்துக்கு எங்களைவிடப் பெரிய பள்ளிக்கூடங்கள் இருந்தன.

அவ்வாண்டு ஆனியில் போர் மீண்டும் மூண்டு வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறைப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கள் ஊர் வீடுகளின் விறாந்தைகளிலும் கோயில் மடங்களிலும் வந்து தங்கின. அவர்களுடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினர் எங்கள் வகுப்புகளிலேயே சேர்ந்தார்கள்; மற்றையவர்களுக்காக இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்று எங்கள் மண்டபத்திலேயே பின்னேரத்தில் நடந்தது. மதியம் நாங்கள் எழுந்து போக, அவர்கள் வந்து அதே வாங்கில் இருப்பார்கள். என்னுடைய மேசையில் ஒரு நாள் கவராயக் கூரால் ‘மயிலிட்டி’ என்று கீறியிருந்தது. கீறியவரை நான் கண்டதில்லை. மறுநாள் அதன் கீழே எங்கள் ஊரின் பெயரைக் கீறியதற்காக எனக்குக் கிடைத்த அடி மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

காலை வகுப்புகளும் மண்டபத்துக்குள் கொள்ளாமற்போகவே, பெற்றோர் சேர்ந்து கிழக்குப் பக்கத்தில் நீளமான கொட்டில் ஒன்று போட்டார்கள். பனங்கப்பில் தூண், பூவரசந்தடியில் குறுக்குக் கட்டு, கிடுகுக் கூரை, மண் தரை. மாரிக்கு முன் வேய்வதற்காக வீட்டுக்கு இத்தனை கிடுகு என்று அதிபர் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவார். புரட்டாதி வந்தால் கிடுகைத் தலையில் வைத்துக்கொண்டு நாங்கள் வரிசையாகப் பள்ளிக்கூடம் போவோம். அந்தக் கொட்டிலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. பின்னாளில் அதே இடத்தில் நின்ற தகரக் கொட்டகையைவிட அது எவ்வளவோ குளிர்மையானது. அதில் இல்லாதது ஒன்றுதான்: குரலைத் தடுக்கும் சுவர்.

அதை எங்கள் ஆசிரியைகள் சமாளித்த விதத்தைப் பொறியியல் படித்த பின்னரே நான் வியந்தேன். மூன்றாம் வகுப்பு ரீச்சரும் நான்காம் வகுப்பு ரீச்சரும் தங்களுக்குள் ஓர் ஒழுங்கு செய்து வைத்திருந்தார்கள். நான்காம் வகுப்பு வாய்பாடு ஒப்புவிக்கும்போது நாங்கள் எழுத்துவேலை செய்ய வேண்டும். நாங்கள் பாட்டுப் படிக்கும்போது அவர்கள் கணக்குச் செய்வார்கள். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த நேரசூசி சுவரில் தொங்க, தட்டிக்கு மேலால் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பதில் இன்னொரு நேரசூசி நடந்தது. மழை தொடங்கினால் இரண்டும் குலையும். கொட்டிலின் மேற்குப் பாதி ஒழுகும். நாங்கள் கிழக்கே நெருங்குவோம். இரு வகுப்பும் ஒன்றாகிக் கதை கேட்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு இழப்பு என்பதை நாங்கள் அறியவில்லை.

‘ஏன் அப்போதே கல்லால் கட்டவில்லை?’ என்று இங்கு, சிங்கப்பூரில், பிறந்து வளர்ந்த என் மகள் கேட்டாள். கல்லுக்கு வலிகாமத்தில் பஞ்சமில்லை. இரண்டடி கிண்டினால் கல்லுத்தான். சீமெந்துதான் இல்லை. அக்காலத்தில் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் சீமெந்தும் ஒன்று. பதுங்கு குழிக்குக்கூட மண்மூட்டையும் பனங்குற்றியுமே கிடைத்தன. 1995 ஐப்பசியில் வலிகாமமே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, மறு ஆண்டு சித்திரையில் திரும்பியபோது, மண்டபத்தின் ஓடு பாதி போயிருந்தது. கொட்டில் இருந்த இடம் தெரியவில்லை. ஓட்டைத் திருத்தினார்கள். கொட்டிலை மறுபடி போட்டார்கள். போர் முடிந்த பின்னர் ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியில் தகரக் கொட்டகை வந்தது. அதன் முகப்பில் ‘தற்காலிகக் கற்றல் நிலையம்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துக்கு இரண்டு தடவை மறுபூச்சு நடந்தது.

நான் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தது 2008இல். மகள் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தபோது வகுப்பில் முப்பது பேர்தான். 2005 முதல் தொடக்கநிலை ஒன்றுக்கு அதுவே இங்கு வகுத்த அளவு. ஆனால் இந்த ஊரும் எடுத்த எடுப்பில் இப்படி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிள்ளைகள் பெருகி, கட்டிடங்கள் போதாமற்போனபோது, ஒரே பள்ளியைக் காலையில் ஒரு சாராருக்கும் பிற்பகலில் இன்னொரு சாராருக்கும் நடத்தினார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே ஓடி, எல்லாத் தொடக்கப்பள்ளிகளையும் ஒரே நேரப் பள்ளிகளாக்க 2009இல் முடிவு செய்து, அதற்கு 2016ஐ இலக்காக வைத்தார்கள். பணமும் திட்டமும் உள்ள நாட்டுக்கே அத்தனை காலம் பிடித்தது என்று சொல்லிச் சில கூட்டங்களில் நான் எங்களை ஆற்றிக்கொண்டதுண்டு. அது முழு நியாயம் அல்ல. அவர்கள் காத்திருந்த காலம் முழுவதும் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நாங்களோ 2012இல் இங்குள்ள பழைய மாணவர் சங்கத்தின் முதற் சேகரிப்பில் ஒரு நுழைவாயில் வளைவு கட்டினோம். இதை இந்த மலரில் எழுதுவது சிலருக்கு வருத்தம் தரலாம். ஆனால் கையெழுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த திட்டத்துக்காகச் சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தின் மேல்மாடியில் கூடியபோது, திறந்தவெளி அரங்கு ஒன்று கட்டலாம் என்ற பேச்சே ஓங்கி நின்றது. நான் வகுப்பறை என்று வாய்திறந்ததும், நான் மிகவும் மதிக்கும் மூத்தவர் ஒருவர், “தம்பி, வகுப்பறையைக் கட்டினா ஆர் பாக்கிறது? அரங்கு எண்டா றோட்டால போறவனுக்கும் தெரியும்” என்றார். அவர் சொன்னது உண்மை. கொடை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை அந்த மலாயாப் பெரியவருக்கும் இருந்திருக்கும். இல்லாவிட்டால் கல்லில் பெயர் வெட்டியிருக்க மாட்டார். ஆனால் அவர் பெயர் வெட்டியது பிள்ளைகள் இருந்து படிக்கும் கட்டிடத்தில். இதைச் சொன்னபோது மூத்தவர் சிரித்துவிட்டார். அரங்கு அன்றைக்குத் தள்ளிப்போயிற்று. இன்னும் தள்ளியே இருக்கிறது.

இருப்பினும், பிள்ளைகளின் தொகை நிலைக்குமா என்பதைப் பாராமல் நிரந்தரக் கட்டிடம் எழுப்புவது வீண்செலவு. இங்கேயே பொங்கோல் போன்ற புதிய நகர்களில் பள்ளிக்கு இடம் தேடும்போது, பிள்ளை குறைந்த பழைய பேட்டைகளைச் சேர்ந்த 14 தொடக்கப்பள்ளிகளை 2019இல் ஏழாக இணைத்தார்கள். 2017 ஆடியில் மயிலிட்டியில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது எங்களுக்கும் அந்த ஐயம் வந்தது: இடம்பெயர்ந்து வந்தவர்கள் திரும்பிப் போனால் வாங்குகள் காலியாகுமோ? அதிபர் அம்மா முதலாம் வகுப்பு அனுமதிப் பதிவேடுகளை ஆண்டுவாரியாகப் படம் பிடித்து அனுப்பினார். போனவர்கள் சில குடும்பங்களே. யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய்வர வசதியான ஊர் என்பதால் தோட்டக் காணிகள் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகப் பிரிந்து வீடுகளாகிக்கொண்டிருந்தன. முதலாம் வகுப்பு இரண்டு பிரிவாகி, அதில் ஒன்று தகரக் கொட்டகைக்கும் மற்றது விறாந்தைக்கும் போயிருந்தன.

நான்கு வகுப்பறை, ஆறடி விறாந்தை, மேல்மாடி ஏற்றத்தக்க அத்திவாரம், கூரையாகத் தட்டையான கொங்கிறீற் பிளாற் என்று முடிவாகி, வலயத்தினதும் மாகாணத் திணைக்களத்தினதும் அனுமதியோடு வேலை தொடங்கியது. வரைபடத்தில் நான் பிடிவாதமாக நின்றது இடைச்சுவரில் மட்டுமே. செலவு குறைக்க அதை ஏழடியோடு நிறுத்தி மேலே காற்றோட்டத்துக்கு விடலாம் என்று யோசனை வந்தது. அப்படி விட்டால் பழைய தட்டியைச் சீமெந்தில் கட்டியதாகத்தான் முடியும். சுவரைப் பிளாற் வரை ஏற்றி, காற்றுக்காக வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிராகப் பெரிய யன்னல்கள் வைத்தோம்.

ஒரு பிழையையும் எழுதிவிடுகிறேன். வங்கிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க எண்ணி, சேர்ந்த பணம் முழுவதையும் 2021இல் ஒரே தடவையில் அனுப்பிவிடலாம் என்ற யோசனை என்னுடையது. 2022இல் ரூபாய் சரிந்தது. சிங்கப்பூர் வெள்ளி 150 ரூபாயளவில் இருந்து 250ஐத் தாண்டிப் போக, ஊர்க் கணக்கில் ரூபாயாகக் கிடந்த எங்கள் பணம் அப்படியே கிடந்தது. ஒரு பை சீமெந்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. சுவர், யன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தில் நின்றுவிட்டது. வாக்குக் கொடுத்துவிட்டு அதுவரை தராமல் இழுத்தடித்த அன்பர்களின் வெள்ளிதான் இறுதியில் பிளாற்றைப் போட்டது. அவர்களைக் கூட்டத்துக்குக் கூட்டம் நினைவூட்டிக் குத்திக்காட்டியவனும் நானே.

2023இல் வகுப்புகள் புதிய அறைகளுக்குள் போயின. அடுத்த முறை ஊருக்குப் போனபோது மூன்றாம் வகுப்பில் பின் வரிசை வாங்கில் ஒரு பாடநேரம் இருந்தேன். பக்கத்து அறையில் நான்காம் வகுப்பு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தகரக் கொட்டகையை இப்போது சைக்கிள் விடப் பாவிக்கிறார்கள். முகப்பெழுத்தை எவரும் அழிக்கவில்லை. முதலாம் வகுப்பின் இரண்டாம் பிரிவு இன்னும் பழைய மண்டபத்தில்தான் இருக்கிறது, அதற்கு மேல்மாடி வேண்டும். அதற்காகத் தூண்களின் கம்பிகளைப் பிளாற்றுக்கு மேலே நீட்டி விட்டிருக்கிறோம். கடற்காற்று அவற்றைத் தின்றுவிடாதபடி ஒவ்வொரு மாரிக்கு முன்பும் சீமெந்துப் பால் பூச வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சென்ற புரட்டாதியில் அதிபர் அம்மா படம் அனுப்பியிருந்தார்: பன்னிரண்டு தூண், பூசிய கம்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் கவிழ்த்து வைத்த சிரட்டை.