வரிசையாக விழுந்த ஐந்துகள்

சிறு தொழில்களைச் சமூகப் புத்தாக்கத்துக்கு, அதாவது ஊருக்குப் பொதுவான ஒரு பிரச்சினையைப் புது வழியில் தீர்ப்பதற்கு, தூண்டுவது எது என்று அளக்க ஒரு வினாத்தாள் தயாரித்திருந்தோம். அது சரியாக அளக்கிறதா என்று திருப்பூரில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. கேள்விகளுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் கிரான்பாக் ஆல்ஃபா. முதல் சுற்றில் அது 0.9-ஐத் தாண்டியது. 0.7 வந்தாலே போதும் என்பார்கள். குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தாள்களைக் கையில் வாங்கிப் புரட்டியபோதுதான் எனக்கு உறுத்தியது. பலவற்றில் மேலிருந்து கீழ்வரை 5, 5, 5; அதாவது எல்லாவற்றுக்கும் ‘முழுச் சம்மதம்’. எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். கேள்வி புரிந்ததா என்பதை அது சொல்லாது.

சரி என்று மறுபடி கிளம்பினேன். ஒரு சாயப்பட்டறைக்காரரிடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, புரிந்ததைச் சொல்லச் சொன்னேன். ‘உங்கள் நிறுவனம் சமூகப் புத்தாக்கத்தில் ஈடுபடுகிறது’ என்ற வரியில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நகக்கண்ணில் நீலச் சாயம்.

“கோயில் கும்பாபிஷேகத்துக்குக் குடுத்தமுங்க, அதைக் கேக்கறீங்களா?” என்றார். அப்புறம், “இது பையர் ஆடிட்டுக்குப் போகுமுங்களா?”

சரக்கு வாங்கும் நிறுவனங்கள் பட்டறையில் நடத்தும் சோதனையைச் சொல்கிறார். குறை தெரிந்தால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம். அத்தனை ஐந்துகளுக்கும் காரணம் அந்தக் கேள்வியில் இருந்தது.

பேனாவை மூடிவிட்டுத் தண்ணீர்க் கதையைக் கேட்டேன். நொய்யலில் சாயநீர் கலந்த வழக்கில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துக் காட்டினால்தான் திறக்க முடியும் என்றானது. தனியாகக் கட்டிக் கட்டுப்படியாகாத சிறு பட்டறைகள் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகின்றன. தொழிலில் போட்டிக்காரர்கள், கழிவுநீருக்குக் கூட்டாளிகள். சமூகப் புத்தாக்கம் என்றால் இதுதான். எங்கள் தாளில் இதைச் சொல்ல இடமே இல்லை.

“கோர்ட் சொன்னதாலயா, உங்களுக்கே தோணியா?”

“ரெண்டும்தானுங்க. எங்க தோட்டத்துக் கிணறும் அந்த ஆத்தோரந்தான்.”

நாங்கள் இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைத்திருந்தோம்.

திரும்பி வந்ததும் அந்தப் பெரிய சொல்லைத் தூக்கிவிட்டோம். ‘பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்து புதிதாக என்ன செய்தீர்கள்? ஆரம்பிக்க வைத்தது எது?’ என்று கேட்டோம். ஆடிட்டுக்குப் போகாது என்பதை முதல் வரியிலேயே போட்டோம். இரண்டாம் சுற்றில் ஆல்ஃபா இறங்கியது, 0.7-க்குக் கீழே போகவில்லை. அவருடைய தாளைத் தேடி எடுத்தேன். ‘கடன் தக்க நேரத்தில் கிடைத்தது’ என்பதற்கு 2. ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: “எட்டு மாசம் அலைஞ்சேன்.”