ஒளித்துவைத்த மாவடு ஜாடி

மே 5
கத்திரி நேற்றுத்தான் பிறந்தது. ஆத்தாவோ நாலு மாசமாகவே வாடிக் கிடக்கிறாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, எடை ஏழு கிலோ இறங்கிவிட்டது. பள்ளத்தூரிலிருந்து வந்த பெரியாத்தா, "என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்ட?" என்றாள். வெயில்தான் என்று சொல்லிவைத்தோம்.

மே 10
மறுபடி வாந்தி. பக்கத்து கிளினிக்கில் சலைன் ஏற்றினார்கள். இது மூன்றாவது தடவை. ஏற்றினால் நாலு நாள் தெம்பாக நடமாடுகிறாள், அப்புறம் பழையபடி. பி.பி. 90/60. ரத்தம் கம்மி என்று சத்து மாத்திரைதான் தருகிறார்கள். நான் என் பங்குக்குத் தினம் இரண்டு இளநீர் வெட்டி வாங்குகிறேன். சோற்றைத் தொடாமல் மாவடுத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டு நக்குகிறாள். ஜாடியைப் பெட்டகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன்.

மே 15, வெள்ளி
நடுவீட்டுக் கோலம் போட்டுவிட்டு ஆத்தா கை கழுவினாள். மாவு போனது. உள்ளங்கை ரேகை மட்டும் மையால் கீறியது போலக் கறுப்பாக நின்றது. வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறிலும் திட்டுத் திட்டாகக் கறுப்பு. வளவைத் தாண்டாதவளுக்கு வாய்க்குள் ஏது வெயில்?

மே 17
ராத்திரி மயங்கி விழுந்தாள். கார் பிடித்து, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை. டாக்டரம்மா முதலில் பார்த்தது அந்த உள்ளங்கையைத்தான். ரத்தத்தில் சோடியம் 121. 135க்குக் குறையக் கூடாது. பொட்டாசியம் 6.3, 5 தாண்டக் கூடாது. ரத்தத்தில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பைகார்பனேட் 17, குறைந்தது 22 வேண்டும். கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு என்று பார்க்க ரத்தம் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி, கூடவே சலைன். "இளநீர் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். தினம் இரண்டு என்றேன். அதில் பொட்டாசியம் ஏராளமாம். பெருமையாகச் சொன்ன வாயை எங்கே வைத்துக்கொள்வது?

மே 19
அடிசன் நோய். 1855இல் தாமஸ் அடிசன் எழுதிவைத்தது. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் படுத்துவிட்டன. கார்டிசாலோடு அங்கே சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான், சோடியத்தைப் பிடித்து வை, பொட்டாசியத்தையும் அமிலத்தையும் வெளியே தள்ளு என்று சிறுநீரகத்தை ஏவுகிறது. ஏவ ஆளில்லாததால் உப்பு ஒழுகிப் போனது, பி.பி. விழுந்தது. பொட்டாசியமும் அமிலமும் உள்ளேயே தங்கிவிட்டன. பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தால் இதயமே நின்றிருக்கலாமாம். கறுப்புக்கும் காரணம் உண்டு: சுரக்காத சுரப்பியைத் தட்டி எழுப்பப் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோன், தோலையும் கறுக்க வைக்கிறது.

பக்கத்துக் கட்டில்காரருக்கு நேர் எதிர். ஆல்டோஸ்டிரோன் கூடிப்போய், பி.பி. எகிறி, பொட்டாசியம் இறங்கி, கால் துவண்டு வந்திருக்கிறார். ரத்தம் அமிலத்துக்கு எதிரான காரப் பக்கம் சாய்ந்திருக்கிறதாம். அவருக்குப் பொட்டாசியம் சிரப், ஆத்தாவுக்கு உப்பு. இந்த அறையில் யாருடைய தட்டையும் யாரும் தொடக் கூடாது!

மே 22
சி.டி.யில் இரண்டு சுரப்பியிலும் சுண்ணாம்புப் படிவு. "டி.பி. சுரப்பியை அரிச்சிருந்தா இப்படிப் படியும். முன்னாடி டி.பி. வந்திருக்கா?" என்றார் டாக்டரம்மா. இல்லை என்றேன். "வந்துச்சு" என்றாள் ஆத்தா, சுவரைப் பார்த்துக்கொண்டு. நான் பிறக்கும் முன்னாலாம். பெண் எடுக்க, கொடுக்கத் தடையாகும் என்று வீடே வாயை மூடிவிட்டது. எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை.

ஜூன் 3
வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹைட்ரோகார்டிசோன் காலை 10, மத்தியானம் 5, சாயங்காலம் 5 மில்லிகிராம். ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.1 மில்லிகிராம் ஒன்று. ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் இரட்டிப்பு. வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசி. ஃப்ளூட்ரோவுக்காகக் காரைக்குடியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தது.

ஜூன் 12
பொட்டாசியம் 4.6, பைகார்பனேட் 24. பெட்டகத்துக்குப் பின்னாலிருந்து ஜாடியை எடுத்து, நானே ஒரு மாவடுவை இலையில் வைத்தேன். ஆத்தா ஓரத்தைக் கடித்துவிட்டு முகம் சுளித்தாள். "என்னடி, இப்படிக் கரிக்குது! யார் போட்டது?"

போன வருஷம் அவள் போட்டதுதான்.