நிறுத்திய காரில் வடிந்த மின்சாரம்

குளச்சலில் எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று நாட்கள் நிறுத்தியிருந்த கார் நான்காம் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை; 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 11.8 மட்டுமே காட்டியது. காரணம் அறியாமல் மாற்றினால் புதிய பேட்டரியும் வடிந்துவிடும் என்பதால், பழையதையே சார்ஜ் செய்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, வடியும் மின்னோட்டத்தை அளக்க இடையில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டி, மின்னணுக் கருவிகள் ஓய்வுநிலைக்குச் செல்லும்வரை அரை மணி நேரம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தால் அளவு உண்மையைவிட அதிகமாக வரக்கூடும்.

பொதுவாக 50 மில்லியாம்பியருக்குள் இருக்க வேண்டிய மின்னோட்டம் 440 ஆக நின்றது. மூன்று நாட்களில் (0.44 ஆம்பியர் × 72 மணி) ஏறத்தாழ 32 ஆம்பியர்மணி, அதாவது எங்கள் 35 ஆம்பியர்மணி பேட்டரி கிட்டத்தட்ட முழுவதும்! ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவியபோது, உள்விளக்குகளுக்கான ஃபியூஸில் அது 30-க்கு இறங்கியது. உப்புக்காற்றில் அரித்துப்போன சுவிட்ச், மூடிய டிக்கிக்குள் 5 வாட் விளக்கை அணையவிடாமல் வைத்திருந்தது.