ஆக்கூர் பக்கத்தில் ஒரு வாய்க்கால்

தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்கத்தான் கிளம்பினேன். மயிலாடுதுறையில் பஸ் ஏறி, ஆக்கூர் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் காலையில் போவதாகத் திட்டம். ஐப்பசிக் கடைசி. ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் சித்தப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு, "வாய்க்கால் வரைக்கும் வர்றியா தம்பி? பறி போட்டிருக்கேன்" என்றார். கோட்டை 1620லிருந்து நிற்கிறது, இன்னும் ஒரு நாள் நிற்காதா என்று கூடவே போய்விட்டேன்.

ஊரில் அதைப் பெரிய வாய்க்கால் என்கிறார்கள். அகலம் பத்தடி இருந்தால் அதிகம். ஒரு கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு, மறு கரையில் வரிசையாகப் பனை, இரண்டு பக்கமும் சம்பா நடவு. மேட்டூர்த் தண்ணீரைக் கொண்டுவருவதும் இதுதான், வயலில் தேங்கும் மழைத்தண்ணீரை வடிப்பதும் இதுதான். கடைமடை என்பதால் ஜூன் 12ல் அணையைத் திறந்தாலும், கல்லணையில் பிரிந்து, அப்புறம் கிளை கிளையாகப் பிரிந்து இங்கே வந்து சேர்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். "ஆத்துத் தண்ணி பயிருக்கு, மழைத்தண்ணிதான் மீனுக்கு" என்றார் சித்தப்பா.

வயல் தண்ணீர் வாய்க்காலில் விழுகிற மடைவாயில் பறி இருந்தது. மூங்கில் சிம்பில் பின்னிய நீளக் கூடு. வாயில் சிம்புகளின் கூர்முனை உள்நோக்கி வளைந்திருக்கும். நுழைகிற மீனுக்கு விலகிக் கொடுக்கும், திரும்பினால் குத்தும். புதுத் தண்ணீரின் வாசனைக்கு மீன் வாய்க்காலிலிருந்து வயலுக்கு எதிரேறும் என்பதால், பறியின் வாயை வாய்க்கால் பக்கம் வைத்து, ஓரங்களில் சேறு அணைத்திருந்தார்.

வாளியில் கவிழ்த்தார். கெண்டைப் பொடி, இரண்டு குரவை, நாலைந்து ஜிலேபி. "இது நம்மூர் மீன்" என்று அவர் காட்டிய ஜிலேபி உண்மையில் ஆப்பிரிக்காக்காரன். இலங்கை வழியாக 1952ல் மண்டபத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவியது. முட்டையைத் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றுவதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். இதைச் சொன்னபோது சித்தப்பா நம்பவில்லை. விவரம் சொல்கிற உற்சாகத்தில் கறுப்பாக ஒன்றைப் பிடித்துத் தூக்கப் போனேன். தேளி. கன்னத்தோரத்து முள் கட்டைவிரலில் இறங்கியது. தோள்வரை கடுத்தது. பெயரிலேயே தேள் இருக்கிறதே, அப்புறமும் கை வைத்தால் யார் தப்பு?

விரலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். வாளியிலிருந்து எகிறிய ஒரு பனையேறி மீன், உள்ளங்கை நீளம், பாசிப்பச்சை, ஈரப் புல்லில் கிடந்தது. துடிக்கவில்லை. ஒரு பக்கத்துச் செவுள் மூடியை விரித்து, அதன் ஓரத்தில் ரம்பம் போலிருந்த முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் ஒரு தள்ளு. அடுத்தது மறு பக்கம். சற்று நின்றது. மறுபடி ஊன்றல், தள்ளல். வாய்க்காலை விட்டு எதிர்த்திசையில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. செவுளுக்கு மேலே காற்றை வாங்குகிற தனி உறுப்பு இருப்பதால், உடம்பு ஈரமாக இருக்கிறவரை அதற்கு அவசரமே இல்லை.

இந்தப் பக்கத்து மீன்தான் உலகப் புகழ் பெற்றது. 1791ல் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தபோது, டால்டார்ஃப் என்ற அதிகாரி, குளக்கரைப் பனையின் வெடிப்பில், தண்ணீருக்கு 5 அடி உயரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததாக எழுதினார். 1797ல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. பறவை தூக்கிப்போய்ப் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். சித்தப்பாவைக் கேட்டேன். "பனையில ஏறி நான் பாத்ததில்ல. ரோட்டைத் தாண்டிப் பாத்திருக்கேன்."

வீட்டில் சித்தி வெந்நீரில் கையை முக்கி வைத்தார். அரை மணியில் கடுப்பு குறைந்தது. குரவையும் கெண்டையும் குழம்புக்குப் போயின. மூன்று பனையேறிகளை மட்டும், நான் கேட்டதற்காக, வாளியிலேயே விட்டு மேலே ஒரு பழைய தட்டைக் கவிழ்த்து வைத்தோம். ராத்திரி மறுபடி மழை. காலையில் தட்டு தரையில் கிடந்தது, வாளியில் இரண்டுதான் இருந்தன. பூனைதான் என்றார் சித்தி. பல் விளக்கக் கொல்லைக்குப் போனேன். குழாயடிப் பள்ளத்தில், வாழைக்குப் போகிற தண்ணீரில், மூன்றாவது நின்றுகொண்டிருந்தது.