கார்க் கதவு என்று சொன்ன இரவு

கனடாவுக்கு வந்து எனக்கு அது முதலாவது பனிக்காலம். ஸ்காபரோவில், தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சி மூலம் ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த கன்வேயர் பட்டியில் அட்டைத் துண்டொன்று சிக்கியது. எடுக்கக் கை நீட்டினேன். கையுறையோடு விரல்களையும் உருளை இழுத்துக்கொண்டது. எதிரே நின்ற அக்கா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கையுறையைக் கழற்றியபோது சுட்டுவிரல் நகம் அதற்குள்ளேயே கிடந்தது.

மேற்பார்வையாளரும் தமிழர்தான். தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியில், "தம்பி, கார்க் கதவில் நசுங்கியது என்று சொல்லும். இங்கே ஆஸ்பத்திரிக்குக் காசில்லைத்தானே. வேலையில் நடந்தது என்று பதிந்தால் ஏஜென்சி உம்மைத் திரும்பக் கூப்பிடாது" என்றார். பதிவு மேசையில் தாதி கேட்டபோது அப்படியே சொன்னேன்.

காசில்லை என்பது பாதி உண்மை. மருத்துவருக்கும் எக்ஸ்ரேக்கும் மாகாணத்தின் ஹெல்த் கார்ட் போதும். மருந்துக் கடையில் மாத்திரைக்கும், மடங்க மறுத்த விரலுக்கான ஃபிசியோதெரபிக்கும் நான்தான் கொடுத்தேன். வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. மூன்றாவது கிழமை வாடகைக்கு மைத்துனரிடம் கடன் வாங்கினேன். ஊரில் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பொத்தானை அழுத்திய அக்காதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவம் 6-ஐ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலைத்தலக் காப்புறுதிச் சபைக்குத் தொழிலாளி அனுப்பும் படிவம் அது. 7 முதலாளிக்கு, 8 மருத்துவருக்கு. விபத்தை அறிந்த மூன்று வேலை நாட்களுக்குள் முதலாளி அறிவித்திருக்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு ஏஜென்சிதான் முதலாளி. என் படிவத்தை அனுப்ப எனக்கு ஆறு மாத அவகாசம் இருந்தது.

"என் பிழையால் நடந்ததுதானே அக்கா" என்றேன். யாருடைய பிழை என்று அங்கே பார்ப்பதில்லை என்றார். எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 1914-இல் சட்டமாகிய ஏற்பாடு இது: தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தான், பதிலுக்கு வைத்தியச் செலவும் இழந்த சம்பளமும் உறுதியாயின. அதற்கான பணத்தை முதலாளிகளே கட்டுகிறார்கள், நம் சம்பளத்தில் ஒரு சதமும் பிடிப்பதில்லை. இதைக் கேட்ட பிறகுதான் பிச்சை கேட்கிறேன் என்ற கூச்சம் என்னை விட்டது.

ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவில் கார்க் கதவு என்றே இருந்தது. சபையிலிருந்து தொலைபேசியில் பேசிய அதிகாரி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வழியாக அதையே மூன்று தடவை கேட்டார். நான் சொன்ன பொய்யை நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தொண்டை அடைத்தது. முதலில் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டபோது, காரில் நடந்த பேச்சை முழுவதும் சொன்னேன். இழப்பீடு கேட்க விடாமல் தொழிலாளியைத் தடுப்பது இங்கே சட்டவிரோதம் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அக்கா சாட்சி சொன்னார். குடும்ப மருத்துவர் படிவம் 8-ஐ அனுப்பினார்.

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. மருந்துப் பற்றுச்சீட்டுகளுக்கும் ஃபிசியோதெரபிக்கும் பணம் கிடைத்தது. வேலையில்லாத நாட்களுக்கு, கைக்கு வரும் சம்பளத்தில் 85 வீதம் தந்தார்கள். மைத்துனரின் கடனை அன்றே அடைத்தேன்.

சாட்சி சொன்ன மறுகிழமையிலிருந்து அக்காவுக்கு ஐந்து இரவு வேலை மூன்றாகக் குறைந்தது. அதை அவர் என்னிடம் சொல்லவேயில்லை. அதே பட்டியில் நிற்கும் இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.