எதற்கென்று கேட்காமல் எடுக்கும் தகவல்

"இந்தக் கம்பெனியைப் பற்றி எல்லாம் எடுத்துக் கொடுங்க" என்று சட்ட நிறுவனத்தின் பார்ட்னர் சொன்னால், தேடத் தொடங்கும் முன் எதற்கு என்று கேட்டுவிட வேண்டும். புதிய கிளையன்டாக எடுக்கவா, எதிர்த்தரப்பிடம் பணம் தேறுமா என்று பார்க்கவா, அந்தக் கம்பெனி வழக்கமாக வேலை தரும் வக்கீல் பட்டியலில் (பேனல்) சேர விண்ணப்பிக்கவா? ஒவ்வொன்றுக்கும் தேடும் இடம் வேறு. கேட்காமல் இறங்கினால் நாற்பது பக்கம் சேரும். முதல் பக்கத்தைத் தாண்டி யாரும் படிக்க மாட்டார்கள்.

முதலில் சி.ஐ.என்., அதாவது கம்பெனியின் அடையாள எண். 21 இடங்கள்: எல் என்று தொடங்கினால் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி, யு என்றால் பட்டியலிடாதது, பிறகு தொழில் குறியீடு, மாநிலம், பதிவான ஆண்டு. ஒரே குழுமத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் நான்கு கம்பெனிகள் இருப்பது சாதாரணம். பெயரை மட்டும் நம்பி, கடனே இல்லாத துணை நிறுவனத்தின் கணக்கைப் படித்துவிட்டு "நிலைமை நன்று" என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்தது தேதி. மார்ச் 31-இல் கணக்கு முடியும், ஏ.ஜி.எம். (ஆண்டுப் பொதுக்கூட்டம்) செப்டம்பர் 30-க்குள், அதிலிருந்து 30 நாளில் கணக்குக்கான ஏ.ஓ.சி.-4 படிவம், 60 நாளில் ஆண்டு அறிக்கைக்கான எம்.ஜி.டி.-7. ஆகவே செப்டம்பரில் எம்.சி.ஏ. (கார்ப்பரேட் விவகார அமைச்சகம்) தளத்தில் கிடைக்கும் வரவு செலவு பெரும்பாலும் ஒன்றரை வருடப் பழசு. அதையே இன்றைய நிலைமையாக எழுதக்கூடாது.

புதிய சேதி வேண்டுமென்றால் சின்னப் படிவங்களைப் புரட்ட வேண்டும். சொத்தை அடமானம் வைத்தால் சி.எச்.ஜி.-1, இயக்குநர் மாறினால் டி.ஐ.ஆர்.-12, ஆடிட்டர் விலகினால் அவரே போடும் ஏ.டி.டி.-3. மூன்றுக்கும் 30 நாள்தான் கெடு. பல வருடம் வங்கியிடம் மட்டும் கடன் வாங்கிய கம்பெனி திடீரென்று என்.பி.எஃப்.சி.யிடம் (வங்கியல்லாத நிதி நிறுவனம்) அடமானம் வைக்கிறது, ஆடிட்டர் நடுவில் கழன்றுகொள்கிறார், சுயேச்சை இயக்குநர் ஒருவர் "சொந்தக் காரணம்" என்று போகிறார். மூன்றும் ஒரே காலாண்டில் வந்தால் கடன் மறுசீரமைப்போ திவால் மனுவோ பின்னால் வரலாம் என்று குறித்து வைப்பது தப்பில்லை. தனித்தனியாக வந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. அதேபோல, பட்டியலில் திறந்தே கிடக்கும் பழைய அடமானத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். கடனை அடைத்த பிறகு, அடமானம் தீர்ந்தது என்று சொல்லும் சி.எச்.ஜி.-4 போட மறந்தவர்கள் நிறைய.

வழக்குத் தேடலில்தான் சங்கடம் அதிகம். இ-கோர்ட்ஸ் தளத்தில் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து, வருடம் வாரியாகப் பெயரைப் போட வேண்டும். உயர்நீதிமன்றத்தில் சென்னையும் மதுரைக் கிளையும் தனித்தனி. "டெக்ஸ்டைல்ஸ்", "டெக்ஸ்டைல்", "பிரைவேட்", "பி. லிமிடெட்", பழைய பெயர் என எல்லா உருவத்திலும் தட்ட வேண்டும். எதுவும் வரவில்லை என்றால் "வழக்கு இல்லை" என்று எழுதாதீர்கள். இந்தந்த நீதிமன்றத்தில், இந்தந்த எழுத்துக்கூட்டலில், இந்தத் தேதியில் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். நடுவர் விசாரணையோ (ஆர்பிட்ரேஷன்), அதற்கான சட்டத்தின் பிரிவு 9 அல்லது 34 போன்றவற்றின் கீழ் நீதிமன்றத்துக்கு மனு வரும்வரை கண்ணில் படாது. அதற்கு ஆண்டுக் கணக்கின் பின்குறிப்புகளில் 'கன்டின்ஜென்ட் லையபிலிட்டி' (பின்னால் தலையில் விழக்கூடிய பொறுப்புகள்) பகுதிதான் கதி.

போட்டிச் சட்ட நிறுவனங்களில் யார் யாருக்கு வேலை செய்கிறார்கள் என்பது பெரும்பாலும் பொதுவெளியிலேயே இருக்கிறது. ஐ.பி.ஓ.வுக்கு (முதல் பங்கு வெளியீடு) பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் தாக்கலாகும் வரைவு ஆவணமான டி.ஆர்.எச்.பி.யில் சட்ட ஆலோசகர் பெயர் இருக்கும். தீர்ப்பின் தலைப்பில் ஆஜரானவர் பெயர் இருக்கும். ஆனால் மூத்த வழக்கறிஞர் பெயரை வைத்து நிறுவனத்தை முடிவு கட்டக்கூடாது. அவர் வாதாட வந்தவர். வக்காலத்து போட்டவர் வேறு.

இந்தியாவில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பார் கவுன்சில் விதி 36-இன்படி வழக்கறிஞர் வேலை கேட்டுப் போகக்கூடாது. ஒரு கம்பெனி தடுமாறுகிறது என்று தெரிந்ததும் அதன் கதவைத் தட்டும் வெளிநாட்டு வழக்கம் இங்கே எடுபடாது. அந்தக் குறிப்பு பயன்படும் இடம் வேறு: அதற்குச் சரக்கு சப்ளை செய்யும் நம் பழைய கிளையன்டுக்கு, பாக்கியைச் சீக்கிரம் வசூலியுங்கள் என்று சொல்ல. தடுமாறும் கம்பெனியே நம் கிளையன்டு என்றால் அதையும் சொல்ல முடியாது. அதனால் முரண்பாட்டுச் சோதனையை (நம் கிளையன்டுகளின் நலன்கள் ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்ப்பதை) முதல் தேடலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். போட்டி நிறுவனத்திலிருந்து வந்து சேர்ந்தவரிடம் பழைய கிளையன்டு விவகாரத்தைக் கிளறுவதும் கூடாது. வேலை மாறினாலும் அந்த ரகசியத்தைக் காக்கும் கடமை அவருக்கு உண்டு. 2023-இன் சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 132.