மைக்குக்குப் பக்கத்தில் நின்றவர்கள்

1996இல் நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் அத்தான், வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் சாக்லேட்டும் சென்ட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் இரண்டு மேக்ஸெல் கேசட்டுகளைக் கொடுத்தார். அவை கடையில் வாங்கியவை அல்ல. அவருடன் வேலை பார்த்த ஒருவர் பிரதி எடுத்துக் கொடுத்தவை. உள்ளட்டையில் நீல மையில், பொடி எழுத்தில், பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சில பெயர்களுக்கு நடுவே மட்டும் ஓர் அம்புக்குறி இருந்தது. ஓரத்தில், ஒரு கேசட்டில் 'எஸ்பிடி' என்றும் மற்றதில் 'ஆட்' என்றும் குறித்திருந்தார்கள். அம்புக்குறி போட்டிருந்தால் அந்தப் பாட்டு நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போய்விடுகிறது என்று பொருள். 'எஸ்பிடி' என்றால் மேடையின் ஒலிகளைக் கலந்து சீராக்கும் பலகையான சவுண்ட்போர்டிலிருந்து நேராக எடுத்த பதிவு. 'ஆட்' என்றால் ரசிகர் ஒருவர் கூட்டத்துக்கு நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்த பதிவு. இவ்வளவும் எனக்கு விளங்குவதற்குச் சில ஆண்டுகள் ஆயின.

இரண்டுமே கிரேட்ஃபுல் டெட் குழுவின் கச்சேரிகள். 1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, 1995இல் அதன் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெரி கார்சியா இறக்கும் வரை ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த குழு அது. ஒரு நாள் வாசித்த வரிசையை மறுநாள் வாசிப்பதில்லை. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று இருபது நிமிடம் வரை நீளலாம். நடுவே வழி தவறிப் போய்த் திரும்பி வரவும் செய்யலாம், வராமலும் போகலாம். இப்படி மேடையிலேயே கற்பனை செய்து நீட்டி வாசிக்கும் குழுக்களுக்கு ஜாம் பேண்ட் என்ற பெயர் பின்னால் வந்தது. அதற்கு இலக்கணம் வகுத்தவர்கள் இவர்களே. ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வதை இவர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் விட்டார்கள். 1984 அக்டோபரில், பதிவு செய்கிறவர்களுக்கென்று தனி டிக்கெட்டே போட்டு, சவுண்ட்போர்டுக்குப் பின்னால் இடமும் ஒதுக்கினார்கள். அப்படி எடுத்த டேப்பை விற்கக் கூடாது, கேட்பவருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்பது ரசிகர்கள் தங்களுக்குள் காத்துவந்த கட்டுப்பாடு. அத்தானின் சக ஊழியர் வழியாக எங்கள் வீடு வரை அந்த இரண்டு கேசட்டுகளும் வந்து சேர்ந்தது அந்தக் கட்டுப்பாட்டினால்தான்.

'எஸ்பிடி' கேசட்டைத் தேயத் தேயக் கேட்டேன். 'ஆட்' கேசட்டை ஒரு முறை போட்டுவிட்டு எடுத்து வைத்துவிட்டேன். முதலாவதில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே, கழுவித் துடைத்த பாத்திரம் போலக் கேட்டது. இரண்டாவதில் கிணற்றுக்குள்ளிருந்து வரும் ஒலியும், யாரோ இருவரின் பேச்சும், விசிலும், இருமலும் இருந்தன. இன்று எனக்கு ஒரு கச்சேரியின் இரண்டு பதிவுகளும் கிடைத்தால், 'ஆட்' பதிவைத்தான் முதலில் கேட்கிறேன். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்த 'எஸ்பிடி' கேசட், டெட் ரசிகர்களிடம் பெயர் சொன்னாலே போதுமான அளவுக்குப் புகழ்பெற்ற கச்சேரி: 1977 மே 8, நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். ராணுவப் பயிற்சிக்காகக் கட்டப்பட்டு, உள்விளையாட்டு அரங்காகவும் பயன்பட்ட மிகப் பெரிய கொட்டகை அது. ஞாயிற்றுக்கிழமை, அங்கே அன்னையர் தினம் வேறு. எப்போதும் கேட்கப்படுகிற 'மிகச் சிறந்த டெட் கச்சேரி எது?' என்ற கேள்விக்குப் பாதிப் பேர் இந்தத் தேதியைச் சொல்வார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரிடம் சண்டைக்கு வருவார்கள். மறுநாள் பஃபலோவில் நடந்த கச்சேரிதான் மேல் என்று சொல்கிற ஒரு கட்சி இன்றும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆண்டுதோறும் 25 ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்துப் பாதுகாக்கிறது அல்லவா, அதில் 2011ஆம் ஆண்டுக்கான பட்டியலில் இந்தக் கச்சேரியும் இடம்பெற்றது.

இந்தப் புகழில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கச்சேரி நன்றாக இருக்கிறது, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த டேப் அவ்வளவு நன்றாக இருந்திராவிட்டால் இந்தப் பெயர் வந்திருக்குமா என்று தெரியவில்லை. அதைப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன், குழுவின் ஒலிப்பொறியாளர்களில் ஒருவர். பின்னாளில் அவருக்குப் பணமுடை வந்து, டேப்புகளை வைத்திருந்த கிடங்கின் வாடகையைக் கட்ட முடியாமல் போகவே, 1986இல் கிடங்குக்காரர்கள் அவற்றை ஏலத்தில் விட்டுவிட்டார்கள். ஏலம் எடுத்தவர்களிடமிருந்து ரசிகர்கள் கைக்குப் போய், சுத்தம் செய்யப்பட்டு, பிரதிமேல் பிரதியாக அவை ஊர் ஊராகப் பரவின. அதாவது, இந்தக் கச்சேரிக்கான கைத்தட்டல் அரங்கில் இருந்த சில ஆயிரம் பேரிடமிருந்து வந்ததைவிட, பத்தாண்டு கழித்துத் தங்கள் அறையில் தனியே உட்கார்ந்து கேட்டவர்களிடமிருந்து வந்ததே அதிகம். குழுவே அதை முறைப்படி வெளியிட 2017 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தச் சுத்தமான டேப்பில் கூட்டம் இல்லை. பாட்டு முடிந்ததும் பாடகரின் மைக்கில் விழுந்த அளவுக்கு ஓர் இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான். பார்ட்டன் ஹாலில் ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு அதில் உள்ள நல்ல சான்று, இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான பாப் வெயர் செய்யும் ஒரு வேடிக்கை. முன்வரிசையில் இருப்பவர்கள் மேடையோடு நசுங்குகிறார்கள் என்பதால், எல்லோரும் ஓரடி பின்னால் போகும் 'விளையாட்டு' ஒன்றை விளையாடலாம் என்று கூட்டத்தை அழைக்கிறார். அதைக் கேட்கும்போது மட்டும் அந்த இருட்டில் உடம்புகள் இருப்பது தெரியும். அதன்பின் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' தொடங்கிவிடுகிறது, கூட்டம் மறுபடி காணாமல் போகிறது.

இதே கச்சேரிக்கு ரசிகர்கள் எடுத்த 'ஆட்' பதிவும் உண்டு என்பதை நான் வெகு தாமதமாகத்தான் அறிந்தேன். கேட்டபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. கொட்டகையின் எதிரொலியில் டிரம்ஸ் குழைந்துபோயிருந்தது. 'ஸ்கார்லெட்' பாட்டு மெல்ல இழைந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டாக மாறும் இடத்தைத்தான் எல்லோரும் சிலாகிப்பார்கள். பிற்காலப் பதிவுகளில் அந்த இடத்தில் ஃபில் லெஷின் பாஸ் கிட்டார் இரண்டு ஸ்வரம் வைத்ததுமே கூட்டம் கூரையைப் பிளக்கும். பார்ட்டன் ஹாலில் நான் எதிர்பார்த்த அந்தக் கூச்சல் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஏன் வரும்? 'ஃபயர்' அப்போது மேடையேறி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இசைத்தட்டில் வந்தது 1978இல்தான். அங்கே நின்ற பெரும்பாலோர் அதை முதல் முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒரு பெருங்கூட்டம் கூடவே நடந்துபோகிறது. சவுண்ட்போர்டு டேப்பில் இது எனக்குத் தெரிந்ததே இல்லை. அதில் அந்த இடம் எப்போதும் ஒரு மகத்தான தருணமாக, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகவே இருந்தது.

இதற்கு நேரெதிரான அனுபவம், நான் அலமாரியில் போட்டு வைத்திருந்த இன்னொரு கேசட்டில் இருந்தது. 1989 அக்டோபர் 9, வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் கொலிசியம். கூட்டம் கட்டுக்கடங்காமல் வந்துவிடும் என்பதால் குழு தன் பெயரைப் போடாமல், தொடக்க காலத்தில் வைத்திருந்த 'வார்லாக்ஸ்' என்ற பழைய பெயரில் இரண்டு நாள் கச்சேரியை அறிவித்திருந்தது. 'டார்க் ஸ்டார்' என்று அவர்களுக்கு ஒரு பாட்டு உண்டு. பாட்டு என்பதைவிட, அரை மணி நேரம் தொலைந்துபோவதற்கான ஒரு வாசல் என்று சொல்லலாம். 1984 ஜூலைக்குப் பிறகு அதை அவர்கள் வாசிக்கவே இல்லை. ஐந்து ஆண்டுகளாக ஒவ்வொரு கச்சேரிக்கும் 'இன்றைக்காவது' என்று வந்துவந்து ஏமாந்து போனவர்கள் அந்த அரங்கில் இருந்தார்கள். இரண்டாம் பகுதியில் வேறொரு பாட்டு அடங்கிய அமைதியில், அந்த முதல் சில ஸ்வரங்கள் எழுகின்றன.

அந்த இடத்தை நான் ஓர் ஞாயிறு மதியம் கூடத்தில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா, "என்னடா, யாரு அவுட்டு?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. அது பாட்டுக்கான கைத்தட்டல் போலவே இருக்காது. சேப்பாக்கத்தில் கடைசி விக்கெட் விழுந்தது போலத்தான் இருக்கும். முதலில் மைக்குக்குப் பக்கத்தில் ஒருவர் கத்துகிறார். அது சொல்லாக இல்லை. அடுத்த நொடி நாலாபுறமும் தீப்பிடித்துக்கொள்கிறது. பிறகு அந்த அலை அரங்கின் பின்பக்கம் வரை போய்த் திரும்பி வருகிறது. சில நொடிகளுக்குக் கார்சியாவின் கிட்டார் கேட்பதே இல்லை, இவர்கள்தான் கேட்கிறார்கள். பதிவுக் கலை என்று பார்த்தால் அது பழுது. எனக்கோ, அந்த டேப்பில் உள்ள மிகச் சிறந்த இசை அதுதான். அதே இரவில் 1972க்குப் பின் மேடையேறாத 'அட்டிக்ஸ் ஆஃப் மை லைஃப்' பாட்டையும் பாடிவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்வது!

ஆரவாரத்தின் காரணம் எப்போதும் பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1986 ஜூலையில் கார்சியா நீரிழிவுக் கோமாவில் விழுந்து, பிழைத்து, கிட்டார் வாசிப்பதையே மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டிசம்பர் 15 அன்று ஓக்லண்டில் அவர் மேடைக்குத் திரும்பியபோது குழு 'டச் ஆஃப் கிரே' பாட்டோடு தொடங்கியது. அதன் பல்லவியில் 'நான் பிழைத்துக்கொள்வேன்' என்று பொருள்படும் வரி வருகிறது. சில ஆண்டுகளாக மேடையில் பாடிவந்த வரிதான். அன்று அந்த வரியைப் பாடியவரைப் பார்த்துக் கூட்டம் எழுப்பிய ஒலியை, ஹாம்ப்டன் ஆரவாரத்தோடு மாற்றிக் கேட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரியும். ஓக்லண்டின் ஒலியில் வியப்பு இல்லை. தொண்டை அடைத்துக்கொண்ட பிறகு வருகிற சத்தம் இது.

எதிர்வினை என்றால் ஆரவாரம் மட்டும்தானா? எழுந்து போவதும் எதிர்வினைதான். 1978 முதல் இரண்டாம் பகுதியின் நடுவே மற்றவர்கள் இறங்கிவிட, பில் க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் மட்டும் தாளக் கருவிகளோடு நீண்ட நேரம் வாசிப்பது வழக்கமாயிற்று. 'டிரம்ஸ்' என்றே அதற்குப் பெயர். கழிவறைக்குப் போக அதுதான் நேரம் என்பது டெட் ரசிகர்களின் பழைய நகைச்சுவை. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனை நோக்கி எழுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இந்த ஒப்புமை எனக்கு வெறும் வேடிக்கையாகப் படாததற்குக் காரணம் உண்டு: அதே மிக்கி ஹார்ட் 1991இல் வெளியிட்ட 'பிளானட் டிரம்' தொகுப்பில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் ஒலித்தது, உலக இசைக்கென்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட கிராமி விருதும் அதற்குக் கிடைத்தது. தனிக்கு எழுந்து போகிறவர்களை நன்கறிந்த இருவர், இரு கண்டங்களிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கூட்டத்தின் குரலை நான் எவ்வளவு கொண்டாடினாலும், கேட்க விரும்பாத ஒன்றும் இருக்கிறது. 1995 ஜூலை 2, இண்டியானா மாநிலத்தில் டியர் க்ரீக். டிக்கெட் இல்லாத பெருங்கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது; உள்ளே இருந்தவர்களில் பலர் அதைப் பார்த்து உற்சாகமாகக் கூவினார்கள். கார்சியாவுக்குக் கொலை மிரட்டல் வந்திருந்ததால், அரங்க விளக்குகளை அணைக்காமலே குழு வாசித்தது. மறுநாள் கச்சேரி ரத்தாயிற்று. அடுத்த மாதம் 9ஆம் தேதி கார்சியா இறந்துபோனார். நான் தேடி எடுக்காமல் விட்ட டேப் அது ஒன்றுதான்.

பார்ட்டன் ஹாலின் 'ஆட்' பதிவைச் சென்ற மாதம் மறுபடி முழுதாகக் கேட்டேன், இந்த முறை ஹெட்ஃபோனில். 'மார்னிங் டியூ' கடைசியில் கார்சியா ஒரே ஸ்வரக் கொத்தை வேக வேகமாக மீட்டி ஏற்றிக்கொண்டே போய் இறக்கி வைக்கும் இடத்தில், சவுண்ட்போர்டு டேப்பில் அவருடைய விரல்கள் கேட்கும். இதில் விரல்கள் கேட்கவில்லை, அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். பின்பு குழு திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை என்பதைப் பொருட்படுத்தாமல், சனிக்கிழமை இரவைப் பற்றிய தங்கள் பாட்டை வாசித்து முடிக்கிறது. வெளியே வந்தபோது மே மாதத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது என்று அன்று அங்கே இருந்தவர்கள் சொல்கிறார்கள். விசிலுக்கு நடுவிலேயே யாரோ பொத்தானை அழுத்திவிடுவதால், அதைப் பார்த்து அவர்கள் என்ன சத்தம் போட்டார்கள் என்பது டேப்பில் இல்லை.